கோல்ஃப் வண்டிக்கு இப்போ சார்ஜ் வேண்டாம்

சோறு அடுப்பு மேல இருக்கு, சாப்பிட்டுடு. நான் வர சாயந்திரம் ஆகும்.

பேட்டரி மாத்தினதும் கோல்ஃப் வண்டி ஓடுது. முட்டி வலியோட கடைக்கு நடக்காதே, அதுலயே போ. பழைய சார்ஜரைச் சொருகிடாதே, இந்த பேட்டரிக்கு அது ஒத்துக்காது.

பேட்டரி எங்க வாங்கினீங்கன்னு நேத்து கேட்டே. அதை நான் வாங்கல. நம்ம பையன் கடைசியா ஓட்டின எலெக்ட்ரிக் கார்ல இருந்தது. அதை என் கண்ணுல காட்டாதீங்க, எடைக்குப் போடுங்கன்னு சொன்னே. போட்டுட்டேன். முன்பக்கம்தான் நசுங்கியிருந்துச்சு, அடியில பேட்டரிக்கு ஒண்ணும் ஆகல. அதை மட்டும் கழட்டி வச்சுக்கிட்டேன்.

சாவி ஆணியில.

பி.கு: புது சார்ஜர் அலமாரியில இருக்கு. அதையும் இப்போ போடாதே. மீட்டர் பாதிக்கு மேல காட்டுது. அன்னைக்குக் காலையில கிளம்பறதுக்கு முன்னாடி அவன் போட்ட சார்ஜ் அது.