ஆள் இல்லாத அறையில் விளக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டி வலி பரவாயில்லையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா?

இப்போது ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை. கரண்ட் செலவைக் குறைக்க அரசாங்கம் பணம் கொடுத்திருக்கிறது. ஆள் அசைந்தால் எரிந்து, அசையாவிட்டால் தானாக அணைகிற விளக்குகளை மாட்டுகிறோம். உடைந்த ஜன்னல்களைப் பலகையால் அடைத்திருப்பதால் பகலிலும் இருட்டு. ஜன்னலுக்குப் பணம் வரவில்லை.

முந்தாநாள் ஒரு தமாஷ். உங்கள் பெண் அல்லவா, அணைகிற நேரத்தைக் கஞ்சத்தனமாக வைத்துவிட்டேன். பரீட்சை எழுதிய பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் இருக்க, வகுப்பே இருண்டுவிட்டது. "எல்லாரும் ஒரு தடவை கையைத் தூக்குங்கப்பா" என்றார் டீச்சர்.

சரிசெய்யப் போனேன். "விடும்மா, பிள்ளைங்க போதலைன்னு அடுத்த வருஷம் ஸ்கூலையே மூடுறாங்க" என்றார் தலைமையாசிரியை.

"அப்புறம் எதுக்கு மேடம் மாட்டுறோம்?"

"பணம் வந்துடுச்சே."

மீதி அறைகளிலும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்று மதியம் காலி வகுப்பில் தனியாகச் சாப்பிட்டேன். ஏதோ யோசனையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் போல, விளக்கு அணைந்துவிட்டது. "ஆள் இல்லாத ரூம்ல எதுக்கு லைட்டு?" என்று நீங்கள் வீடு முழுக்கக் கத்துவது காதில் விழுந்தது. நான் கையைத் தூக்கவில்லை.

இந்த வருஷமும் லீவு கிடையாதாம். யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய டெஸ்டரையும் இரண்டு பருத்திச் சட்டையும் கொடுத்தனுப்புங்கள். அப்புறம், திட்டாதீர்கள், சாயங்காலத்தில் என் அறையில் கொஞ்ச நேரம் லைட் எரியட்டும்.

வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்