அப்பாவின் ஃபைன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம், நலமறிய அவா என்று ஆரம்பிக்க நினைத்தேன். அந்த முதல் சொல்லை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான். நீ கூப்பிடும்போது அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

அப்பாவால் இப்போதெல்லாம் மாடிப்படி ஏற முடியவில்லை. பாதியில் நின்று, கைப்பிடியில் தூசி துடைப்பது போல் பாவனை செய்கிறார். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால், ஃபைன் என்கிறார். ஓட்டல் வாசலில் காலமெல்லாம் கதவு திறந்துவிட்டவர் அல்லவா? எப்படி இருக்கிறாய் என்று விருந்தினர் இங்கிலீஷில் கேட்டால் ஃபைன் சார் என்று சிரிக்க வேண்டும், அதற்கு மேல் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். வேலையை விட்டார், அந்தச் சொல்லை விட்டபாடில்லை.

அதன் இலக்கணமே எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வெறும் ஃபைன் என்றால் கால்வலி. ஃபைன்தான் என்றால் ராத்திரி தூங்கவில்லை. ஃபைன் ஃபைன் என்று இரண்டு தடவை சொன்னால், நான் அறையைவிட்டுப் போய்விட வேண்டும். அம்மா போன அன்று, வந்தவர்களிடமெல்லாம் ஐ ஆம் ஃபைன் என்று முழு வாக்கியமாகவே சொன்னாரே, உனக்கும் ஞாபகம் இருக்கும்.

போன வாரம் இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனேன். இளவயது டாக்டர், பாவம், மரியாதைக்கு இங்கிலீஷில் நலம் விசாரித்தார். போச்சு. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் வலி உண்டா? ஃபைன் சார். மூச்சு? ஃபைன் சார். நான் வாயைத் திறந்தால், "அவ எல்லாத்துக்கும் பயப்படுவா சார்" என்று சிரிப்பு வேறு. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

மறுநாளே திரும்பக் கூட்டிப்போனேன். இவரிடம் இங்கிலீஷே பேசாதீர்கள் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கெஞ்சி வைத்தேன். "எங்கே வலிக்குது ஐயா?" என்று அவர் கேட்டார். அப்பா ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சிலிருந்து இடது கை வரைக்கும் தடவிக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். நான் இருப்பதையே மறந்துவிட்டார்.

பரிசோதனை செய்து பார்த்ததில், இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பாம். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்கிறார்கள். இவரோ மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "தம்பிகிட்ட சொல்லிடாதே, நான் ஃபைன்னு எழுது" என்று எனக்கு உத்தரவு வேறு.

உன் லட்சணம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாய். அங்கே ஃபைன், இங்கே ஃபைன், சரி வைக்கிறேன். உனக்கு வேலை போன விஷயம் உன் நண்பன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து என் உயிரை எடுக்கிறீர்கள்.

ஓடி வா என்று நான் கேட்கவில்லை. இந்த ஞாயிறு நீ முதலில் சொல். வேலை போய்விட்டது, பயமாக இருக்கிறது அப்பா என்று சொல். நீ சொன்னால் அவரும் சொல்வார். ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று அப்போது கேள். என்னிடம் மறுத்தவர் உன்னிடம் மறுக்கமாட்டார். அவர் குரல் உடைந்தால் போனை வைத்துவிடாதே தம்பி. நான் சமையலறைக்குப் போய்விடுகிறேன். இரண்டு பேரும் அழுது முடியுங்கள்.

கோபம் தீராத,
உன் அக்கா