எழுநூறு கிராம் இரும்பு

மே 3, 2006
காலையில் காபி டம்ளரைத் தூக்கினேன். வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுரீரென்று ஒரு வலி. காபி வேட்டியில் கொட்டிவிட்டது. "கைக்கு என்னா ஆச்சு?" என்றாள் செல்வாம்பாள். டம்ளர் சூடு என்றேன். நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவள் நம்புவாளா?
அவளுக்குத் தெரிந்தால் எங்கள் அணியை நடத்தும் தேவதாசுக்குத் தெரியும். தேவதாசுக்குத் தெரிந்தால் ஜூலை 14 பிரெஞ்சு தேசிய தினப் போட்டியில் என் இடம் போச்சு.

மே 9
இரும்புக் குண்டு வீசும் இந்தப் பெத்தாங் ஆட்டத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மில்லில் ஷிப்ட் முடிந்து வரும்போது மைதானத்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பழகியது. உள்ளே ஆடியவர்கள் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்த சொல்தாக்கள். "மில்லுக்காரருக்கு இங்க என்னா வேலை?" என்று ஒருநாள் கேட்டவர் இதே தேவதாஸ்தான். இருபத்தைந்து வருஷமாகிறது. மறக்கவில்லை.
இன்று அவரும் நானும் கிருஷ்ணசாமியும் ஒரே அணி. எதிராளியின் குண்டை அடித்துத் தள்ளுவது என் வேலை.
வலிக்குக் காரணம் பழக்கம் போதாததுதான். துருப்பிடித்த நட்டு திருகத் திருகத்தானே இளகும்? தினம் நூறு வீசுவதை நூற்றைம்பது ஆக்கிவிட்டேன்.

மே 17
தாழ்ப்பாளைத் திருப்ப முடியவில்லை. சட்டைப் பொத்தான் — இடது கையால்.

மே 22
மூன்று முறை குண்டு நழுவி என் காலடியிலேயே விழுந்தது. எல்லார் முன்னாலும் தேவதாஸ் சொன்னார்: "தணிகாசலம், இந்த வாட்டி நீங்க ஆட வேணாம். மொதல்ல கையப் பாருங்க."
கையப் பாக்கணுமாம்! வேலிக்கு வெளிய போன்னு சொல்ல இவ்ளோ சுத்து எதுக்கு? என் எடத்துக்கு எவனையோ பாத்து வச்சிட்டாரு. எனக்குத் தெரியாதா?

மே 25
செல்வாம்பாள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிசியோதெரபி பார்க்கும் பெண் கலைவாணி. முப்பது வயதுகூட இருக்காது. என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலே தூக்கச் சொன்னாள். கத்திவிட்டேன்.
"டென்னிஸ் எல்போங்கய்யா."
"டென்னிஸ் மட்டைய நான் தொட்டதே இல்லம்மா."
"இங்க வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு தொட்டதில்ல. துணி புழியறவங்க, ஸ்க்ரூ முடுக்கறவங்கதான் ஜாஸ்தி."
பையிலிருந்து குண்டை எடுத்து, வீசும் விதத்தைக் காட்டினேன். அவள் அதோடு விடவில்லை. குண்டைத் தரையில் வைத்து, "கீழ கெடக்கறத எப்படி எடுப்பீங்க?" என்றாள். எடுத்தேன். கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, இறுக்கிப் பிடித்து.
"தெனம் எத்தினி வாட்டி?"
"நூத்தம்பது."
"எழுநூறு கிராம் இரும்பு. வீசறது ஒரு பக்கம்னா, எடுக்கறது இன்னொரு பக்கம். நரம்பு என்னா பண்ணும் பாவம்?"
"யாருக்கும் குனியாத மனுஷன், அங்க மட்டும் நூத்தம்பது வாட்டி குனிஞ்சிருக்காரு பாரும்மா" என்றாள் செல்வாம்பாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.
மூன்று மாதம் வீசவே கூடாதாம். ஜூலை 14 என்னாவது என்றேன். "அடுத்த வருஷமும் ஜூலை 14 வரும்ங்கய்யா."

மே 26
முன்னங்கையை மேசையில் கிடத்தி, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே. கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். இடது கையால் மேலே தூக்கிவிட்டு, வலது கையால் மெள்ள இறக்க வேண்டும். பதினைந்து தடவை. லேசாக வலித்தால் பரவாயில்லை, கடுத்தால் நிறுத்த வேண்டும். எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கை உடம்போடு ஒட்டி.
இத்தனை வயதில் சொம்பு தூக்கக் கற்றுக்கொள்கிறேன்.

ஜூன் 19
இன்று டம்ளர் வலிக்கவில்லை. அந்தப் பெண் நன்றாயிருக்க வேண்டும்.

ஜூலை 6
கிருஷ்ணசாமி வந்தார். என் இடத்தில் யார் என்று நானே கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.
"யாரும் இல்லய்யா. மூணு பேர் ஆட்டத்துக்கு நாங்க பேரே குடுக்கல. நானும் தேவதாசும் ரெண்டு பேர் ஆட்டத்துலதான் நிக்கறோம்."
"ஏன்?"
"'தணிகாசலம் எடத்துல இன்னொருத்தன நிக்க வச்சா, அந்தாளு திரும்பி வரவே மாட்டாரு'ன்னாரு தேவதாஸ்."
காபி கொடுக்கச் சொன்னேன். அவர் குடித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஜூலை 14
போனேன். வேலிக்கு உள்ளே, கோட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார் தேவதாஸ். அரையிறுதியில் தோற்றார்கள். நான் இருந்திருந்தால் அந்தக் கடைசிக் குண்டை அடித்திருப்பேன். அவருக்கும் அது தெரியும்.

செப்டம்பர் 18
கலைவாணி பத்து வீச்சுக்கு அனுமதி தந்தாள். மைதானத்துக்குப் போனதும் தேவதாஸ் ஒரு கயிற்றை நீட்டினார். நுனியில் காந்தம். அவர் முதுகுவலிக்காக மகள் பிரான்சிலிருந்து இரண்டு அனுப்பினாளாம். "ஒண்ணு உங்களுக்கு. இனிமே குனிஞ்சீங்கன்னா நானே வெளிய அனுப்பிடுவேன்."
பத்தும் வீசினேன். இரண்டு சரியாக அடித்தது. கை வலிக்கவில்லை.
நன்றி சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. காந்தத்தை இறக்கி, என் குண்டோடு அவர் குண்டையும் இடது கையால் தூக்கினேன். என் துண்டால் மண் துடைத்து நீட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பக்கம் மண்ணு இருக்கே" என்றார்.
சொல்தா எப்போதும் சொல்தாதான். வாங்கி இன்னொரு முறை துடைத்தேன்.