இடப்பக்கப் பெட்டியின் எட்டுத் திருகாணிகள்

பெருமதிப்பிற்குரிய பாய் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் மறைந்து ஏழு வாரங்கள் கழித்து இம்மடலைத் தொடங்குகிறேன். காலம் தாழ்த்தியமைக்கு முதற்கண் என் மன்னிப்பைக் கோருகிறேன். வேலை மிகுதியால் நேர்ந்த தாமதமன்று. எழுதும் துணிவு இன்று காலைவரை எனக்கு வாய்க்கவில்லை.

இன்று காலை ஒருவர் கோயில் ஒலிபெருக்கிக்கு நீர்க்காப்பு வேண்டுமென்று வந்தார். வழக்கம்போலச் சிலிக்கான் பசைக் குழாயின் முனையை வெட்டினேன். அந்தப் புளித்த காடி நெடி கடை முழுவதும் பரவியது. அந்த நெடியோடு தாங்களும் வந்து நின்றீர்கள். "நாளை வாருங்கள்" என்று அவரை அனுப்பிவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு எழுத அமர்ந்தேன். எனக்கு மூன்றடி தூரத்தில் தங்கள் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. வலப்பக்கப் பெட்டி திறந்திருக்கிறது. இடப்பக்கப் பெட்டி நான் மூடியபடியே இருக்கிறது.

தாங்கள் முதன்முதலில் என் கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? பின்னிருக்கையில் ஸ்வெட்டர் மூட்டை, இருபுறமும் ஃபைபர் பெட்டிகள். கேத்தி முதல் குன்னூர் எஸ்டேட் லைன் வீடுகள் வரை கூவிக் கூவி விற்றவர் தாங்கள். "கத்துனா நெஞ்சு அடைக்குதுங்க. பொட்டி மூடில ஸ்பீக்கர் வெச்சு, ஹேண்டில்ல மைக்கு குடுத்தீங்கன்னா மெதுவாப் பேசிட்டே போயிருவேன்" என்றீர்கள். பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்து, "மெக்கானிக்கு எங்கீங்க?" என்று கேட்டீர்கள்.

"அவர்தான் தங்களுடன் பேசிக்கொண்டிருக்கிறார்" என்றேன்.

தாங்கள் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தீர்கள். "அப்படிங்களா! சரிங்க இன்ஜினியரம்மா." அன்றிலிருந்து அதுவே என் பெயராயிற்று. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான், பழுதான வானொலிகளைப் பிரித்துப் பிரித்துத் தொழிலைக் கற்றவள், எவரிடமும் பயின்றதில்லை. தாங்கள் கேலியாகச் சூட்டிய அப்பட்டத்தை நான் மெய்யாகவே அணிந்துகொண்டேன். நெஞ்சு அடைக்கிறது என்று தாங்கள் சொன்னதை வயதின் சோர்வென்று எண்ணி அக்கணமே மறந்தேன்.

இரு மூடிகளிலும் அட்டை வைத்து வட்டம் வரைந்து, அறுத்து, ஒலிபெருக்கிகளைப் பொருத்தினேன். ஒரு வாரம் தாங்கவில்லை. இந்த ஊர்ப் பனிமூட்டம் கொக்கியின் இடுக்கு வழியே நுழைந்து இடப்பக்க ஒலிபெருக்கியின் தாளை ஊறவைத்து, ஒலியைக் கரகரக்கச் செய்துவிட்டது. தாங்கள் வண்டியை நிறுத்திவிட்டு, எஸ்டேட் பெண்கள் கேட்டதை அப்படியே நடித்துக் காட்டினீர்கள்: "ஏனுங்க பாய், சளி உங்களுக்கா, பொட்டிக்கா?"

தாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். என் முகம் சுண்டிப்போயிற்று. "இனி ஒரு சொட்டு உள்ளே நுழைந்தால் என் பெயர்ப்பலகையைக் கழற்றிவிடுகிறேன்" என்றேன். உண்மையில் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்கின.

வலப்பக்கப் பெட்டியில் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. ஃபியூஸ் மாற்ற வேண்டுமென்பதால் அதன் கொக்கியை விட்டுவைத்தேன். இடப்பக்கப் பெட்டியிலோ கீலையும் கொக்கியையும் அகற்றி, விளிம்பு முழுவதும் பசையிட்டு, எட்டுத் திருகாணிகளால் இறுக்கினேன். உள்ளே அடைபட்ட வெறுங்காற்று இருந்தால் ஒலி கனமாக வருமென்பது என் கணிப்பு. அதுவும் சரியாகவே இருந்தது. ஃபியூஸுக்கு ஒரு வழி வைத்தேன், பாய். மனிதருக்கு வைக்கவில்லை.

மூடுவதற்குமுன் உள்ளிருந்தவற்றை எடுத்து மேசையில் பரப்பினேன். மழைக்கோட்டு, டிபன் பாக்ஸ், அளவு நாடா. பெட்டியின் உட்சுவரில் தாங்கள் ஒட்டியிருந்த துணிப்பையிலிருந்து வட்டமான சிறு தகர டப்பா ஒன்று. "இது என்ன?" என்று கேட்டேன். "வாய்வு மாத்திரைங்க. நாக்குக்கு அடியில வெச்சுக்கோணும்" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குத் தேநீர் வாங்கச் சென்றீர்கள். வாய்வு மாத்திரையை எவரும் நாக்கின் அடியில் வைப்பதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த டப்பா என் உள்ளங்கையில் சில்லென்று இருந்தது இன்றும் நினைவிருக்கிறது. அதற்குப் பின் என்ன செய்தேன் என்பதுதான் நினைவில் இல்லை. மேசைமீது வைத்தேனா? கழற்றிய பொருளைக் கழற்றிய இடத்திலேயே வைப்பது இத்தனை ஆண்டுகளாக நான் காத்துவந்த ஒழுங்கு. எண்ணிப் பார்க்காமல் கையே செய்துவிடும். அந்தக் கை அன்று டப்பாவை மீண்டும் துணிப்பைக்குள் வைத்ததா? நாள்தோறும் அந்த மேசையின்முன் நின்று கையை நீட்டிப் பார்க்கிறேன். கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

தாங்கள் தேநீருடன் திரும்பியபோது ஏழாவது திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தேன். "தங்கள் பொருள்கள் யாவும் மேசைமேல் உள்ள இந்த மஞ்சள் பையில் உள்ளன" என்றேன். "நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்றீர்கள். மஞ்சள் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பெட்டியை மூடிய ஐந்தாம் நாள் வந்தீர்கள். அந்நாளைத்தான் நான் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இத்தனை வாரம் தவித்தேன். ஒலி பள்ளத்தாக்கின் மறுபக்கம்வரை கேட்பதாகப் புகழ்ந்தீர்கள். பிறகு இடப்பக்கப் பெட்டியை விரலால் தட்டிக்கொண்டே, "ஏனுங்க, இதைத் தொறக்கோணும்னா எத்தனை நேரமாகுமுங்க?" என்று கேட்டீர்கள்.

"எதற்காகத் திறக்க வேண்டும்? என் வேலையில் ஐயமா?" என்றேன்.

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. சும்மா கேட்டேன்."

புறப்பட்டுவிட்டீர்கள். டப்பாவைத் தேடித்தான் வந்தீர்களா, பாய்? என் முகத்தைப் பார்த்துத்தான் திரும்பிப் போனீர்களா? அல்லது மெய்யாகவே சும்மாதான் கேட்டீர்களா?

பதினோராம் நாள், கேத்திக்கு மேலேயுள்ள வளைவில் தாங்கள் வண்டியை நிறுத்தினீர்கள். தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்களைப் பிறகு தேடிச் சென்று விசாரித்தேன். மைக் அணைக்கப்படாமல் இருந்ததாம். "பேச்சே இல்லீங்க, மூச்சு மட்டும் பெரிசாக் கேட்டுச்சு. அதைக் கேட்டுத்தான் ஓடியாந்தோம்" என்றார் ஒருவர். ஒலி அவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது. நான் செய்த வேலை.

"அவரு அந்தப் பொட்டியத் தட்டிட்டே இருந்தாருங்க" என்றார் அவர்.

"தட்டல புள்ள, உளுந்துறாம அது மேல கைய ஊனிட்டு நின்னாரு. நான் பாத்தேன்ல" என்றார் மற்றவர்.

"நீ கூடையக் கீழ வெச்சுப்போட்டு அப்புறமா வந்தவ. உனக்கென்ன தெரியும்?"

இருவரும் என் எதிரிலேயே வாதிட்டார்கள். இருவரில் ஒருவரையேனும் முழுமையாக நம்ப முயன்றேன். இயலவில்லை.

நேற்றுத் தங்கள் துணைவியார் வந்திருந்தார். வண்டியை அவருடைய தம்பி எடுத்துக்கொள்கிறாராம். ஒலிபெருக்கிகளைக் கழற்றித் தர வேண்டுமென்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு ஒரு பிடி பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். "அவரு உங்களைப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டே இருப்பாருங்க" என்றார். பிறகு தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "நெஞ்சுக்குன்னு மாத்திரை வெச்சிருந்ததே எனக்குத் தெரியாதுங்க. ஆசுபத்திரிச் சீட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுது. டப்பா சட்டைல இல்ல, ஊட்டுலயும் இல்ல. வழில எங்கியோ உளுந்துருச்சாட்டமிருக்குது" என்றார். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நாளைக் காலை பத்து மணிக்குத் தங்கள் துணைவியார் மீண்டும் வருகிறார். அதற்குமுன் தனியே திறந்து பார்த்துவிடலாம். இன்று மட்டும் நான்கு முறை திருப்புளியை எடுத்துவிட்டேன். உள்ளே டப்பா இருந்தால் எவருக்கும் தெரியாமல் எடுத்து மறைத்துவிடுவேனோ என்று என்மீதே எனக்கு அச்சம். ஆகையால் முடிவு செய்துவிட்டேன். அவர் எதிரிலேயே எட்டையும் கழற்றுவேன். டப்பா இருந்தால் அதை அவர் கையில் கொடுத்து, ஐந்தாம் நாள் தாங்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொல்வேன். இல்லையென்றாலும் சொல்வேன்.

அந்தக் கேள்வியைத்தான் நான் சுமந்துகொண்டிருக்கிறேன். உணவின்போதும், பிறர் பேசும்போதும், பற்றவைப்புக் கோலைப் பிடித்திருக்கும்போதும் அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. எத்தனை நேரமாகும் என்று தாங்கள் மரியாதையாகத்தான் கேட்டீர்கள். அதற்குரிய விடையை நான் தரவில்லை. பத்து நிமிடம், பாய். பத்தே நிமிடம் ஆகியிருக்கும்.

டப்பா பெட்டிக்குள் இருக்கிறதா, அன்று தங்களிடமே இருந்ததா என்பதை மட்டும் தெரிவியுங்கள். நாளை பத்து மணிக்குள் தெரிய வேண்டும். தயவுசெய்து விரைவாகப் பதில் எழுதுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் இன்ஜினியரம்மா