சின்னக் கார்புரேட்டர்தான் வாங்கினேன்

சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவியும் கையிலிருந்து பெட்ரோல் மணம் போகவில்லை. இன்றும் உங்கள் காரோடு மினக்கெட்டுவிட்டு வந்து, லண்டன் ஈஸ்ட் ஹாம் வீட்டுக் குசினியில் இருந்து இதை எழுதுகிறேன். இதே மணத்தோடு சாப்பிட வந்த உங்களை எத்தனை நாள் குளிக்கச் சொல்லிக் கலைத்திருப்பேன்! என்னைக் கலைக்க இப்போது ஆளில்லை. அப்படியே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன்.

நீங்கள் கண்ணை மூடி நான்காம் மாதம் அந்தச் சிவப்பு அமெரிக்கக் கார் நின்றுபோனது. இப்போதைய பெட்ரோலில் கலக்கிற எத்தனோல் பழைய கார்புரேட்டரின் ரப்பர்களை அரித்துவிட்டது. எங்கள் கத்தோலிக்கப் பங்கின் மணப்பெண்களை நீங்கள் பதினாறு வருடம் கோவிலுக்கு ஏற்றிப்போன கார். அடுத்த கலியாணம் உங்கள் அண்ணையின் மகளுக்கு. "சித்தப்பான்ர கார் இல்லாட்டி எனக்கு வேற கார் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

உங்கள் அண்ணை கார் நிற்கிற கராஜுக்கு வந்து பொனெட்டைத் திறந்து பார்த்தார். "எழுநூற்றைம்பது கார்புரேட்டர் போடும் பிள்ளை. அவன் ஆசைப்பட்டது அதுதானே."

ஓம், ஆசைப்பட்டீர்கள். அந்த எண் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று உள்ளே போகும் என்பதன் அளவு. "பெரிசாப் போட்டாத்தான் என்ஜின் மூச்சு விடும். உமக்கு உது விளங்காது" என்று எத்தனை ஞாயிறு வகுப்பு எடுத்தீர்கள்!

எனக்கு நன்றாகவே விளங்கியது. நெஞ்சு நோய் வார்டில் நேர்ஸாக இருபது வருடம் நின்றவள் நான். நோயாளி எவ்வளவு இழுப்பார் என்று பார்த்துத்தான் காற்றுக் கொடுப்போம். என்ஜினின் கொள்ளளவையும் அது சுற்றும் வேகத்தையும் வைத்துக் கணக்குப் பார்த்தேன். ஐந்நூறுகூடத் தேவைப்படவில்லை, அறுநூறு தாராளம். பெரியதைப் போட்டால் மெதுவாகப் போகும்போது காற்றின் இழுவை குறைந்து, மிதித்ததும் கார் விக்கும். கலியாணக் காரோ நடை வேகத்தில் போவது. குளிருக்கு ஏற்றபடி காற்றைத் தானே அடைக்கிற மின்சாரச் சோக் உள்ள அறுநூறையே வாங்கி, நானே காரில் பூட்டினேன். நீங்கள் பிழை, இஞ்சாருங்கோ. இத்தனை வருடமும் பிழை.

"அப்ப ஆர் ஓடுறது?" என்று அண்ணை கேட்டார்.

"நான்தான், அத்தான்."

"புருஷன் இல்லாத நீர் கலியாணக் கார் ஓடினா சனம் என்ன சொல்லும்?"

சகுனம் பார்க்கிற நேரத்தில் மட்டும் நாங்கள் வேதக்காரர் என்பது எல்லோருக்கும் மறந்துவிடும். "சனம் என்னவும் சொல்லட்டும். கார் ஸ்டார்ட் ஆகும்" என்றேன்.

போன சனிக்கிழமை, கலியாணக் காலை, அவர் பின்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். மகள் அதைப் பார்க்கவே இல்லை. முந்தானையை அள்ளிக்கொண்டு முன்னால் வந்து எனக்குப் பக்கத்தில் ஏறினாள். "சித்தி, எடுங்கோ." அவர் பின்னுக்கு ஏறினார். ஃபாரஸ்ட் கேட் கோவில் வரை ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போனோம். கார் ஒருதரம்கூட விக்கவில்லை. இறங்கும்போது அவர் மெல்லச் சொன்னார்: "நல்லா ஓடுது பிள்ளை."

அவர்கள் உள்ளே போனபின், தனியே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. கார் விஷயத்தில் முதல்முறையாக உங்களை வென்றிருக்கிறேன். ஒத்துக்கொள்ள நீங்கள் இல்லை. அழுகை குறைந்துவிட்டது, அந்தக் கோபம் குறையவில்லை. அதை யார் சொல்லியும் நான் விடப்போவதில்லை.