அம்மாவும் பனிக்கரடியும்

நவம்பர், ஞாயிறு இரவு

பனிக்கரடி கோடைக்கு முன்பே கொழுப்பைச் சேர்த்துவைத்துத்தான் பட்டினி கிடக்கிறது என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

கந்தசஷ்டி ஐந்தாம் நாள். அம்மா நீரிழிவோடு வெறும் தண்ணீரில் விரதம் இருந்தார். மத்தியானம் தொலைக்காட்சியில் ஒரு மெலிந்த கரடி கரையில் படுத்திருந்தது. கடல் உறைந்தால்தான் அதற்குச் சீல் எனும் கடல்நாய் வேட்டை.

"பார் பிள்ளை, உது மாசக்கணக்கா சாப்பிடேல்லையாம். எனக்கு ஆறு நாள் ஏலாதோ?"

"உங்களுக்குச் சீனி வருத்தம், அம்மா."

"நீ கலியாணத்துக்கு ஓம் எண்டு சொல்லு, இப்பவே சோறு தின்னுறன்."

கடல் உறையப் பிந்தினால் கரடியும் செத்துப்போகும் என்று சொல்லியிருக்கலாம். பேச்சு மறுபடி கலியாணத்துக்குத்தான் போகும். எழுந்து அறைக்குள் போய்விட்டேன்.

பின்னேரம் வெறும் வயிற்றில் வழமைபோல இன்சுலின் போட்டிருக்கிறார். சீனி ஒரேயடியாக இறங்கி, குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.