இழுபடுகிற விளிம்பு

கார்த். 4, செவ்.
விடியவே மழை. ஆட்டோவில் ஆஸ்பத்திரி. மனைவி மலருக்கு இரத்தம் சுத்திகரிக்கிற நாள். நாலு மணித்தியாலம் ஏசிக்குள் கிடக்க வேண்டும். கால் இரண்டும் ஐஸ். லண்டனிலிருந்து மகள் அனுப்பிய காலுறை, வீங்கின காலில் ஏறவில்லை. பாதியில் கழற்றினேன்.

வரும் வழியில் சொன்னாள்: "இந்தக் குளிருக்குள்ள எனக்கு ஏலாதப்பா. இனி வரமாட்டன்."

குளிர்தானே? நானே காலுறை பின்னித் தருகிறேன் என்றேன். சிரித்தாள். அவளுடைய குரோஷே பின்னல் ஊசி அலுமாரியில்தான் கிடக்கிறது. விரல்கள் மரத்ததிலிருந்து அவள் தொட்டதில்லை.

கார்த். 5, புத.
வாங்கியது: சாம்பல் நிறக் கம்பளி நூல், சாப்பிடப் பாண், மலரின் மருந்துக் குளிசை.

அவள் கட்டிலில் இருந்து சொல்லச் சொல்ல நூலில் சங்கிலித் தையல் போட்டேன். மேல் விளிம்பில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டுமாம். கொஞ்சம் பின்னிக் காலில் மாட்டினால், குதிக்காலில் நின்றுவிட்டது. விளிம்பு கம்பி மாதிரி.

"இது கப்பல் இல்ல, என்ர கால். ஏன் இப்பிடி இறுக்குறியள்?"

ஆயுள் முழுக்கத் துறைமுகத்தில் கப்பலைக் கயிறு போட்டுக் கட்டினவன் நான். கை தானாக இழுத்து இறுக்குகிறது. எல்லாவற்றையும் அவிழ்த்தேன். எரிச்சல்.

கார்த். 6, வியா.
மத்தியானம் வரை கரண்ட் இல்லை. பிறகு போனில் வீடியோ. சங்கிலி போடாமலே தொடங்கும் தையல் ஒன்று இருக்கிறது. மலருக்கும் தெரியாதது. விளிம்பாகிற அடிக்கண்ணியும் முதல் வரிசையும் ஒன்றாக வளரும். அதனால் விளிம்பு இழுபடும்.

மறக்காமலிருக்க:
ஊசியை அடிக்கண்ணிக்குள் விடு, நூலை இழுத்தெடு.
நூல் சுற்றி ஒரு கண்ணிக்குள்ளால் எடு. இதுதான் அடுத்த அடிக்கண்ணி. பெருவிரலால் பிடித்துக்கொள். இறுக்காதே.
மறுபடி சுற்றி இரண்டுக்குள்ளாலும் எடு.
இறுக்காதே.

பிழை. அவிழ்ப்பு. திரும்பவும் பிழை.

கார்த். 7, வெள்.
ஆஸ்பத்திரிக்கு வந்தாள், எனக்காக. குத்துவதற்கு நரம்பு கிடைக்கவில்லை. கை முழுக்க நீலம். நர்ஸ் பிள்ளை, "அம்மா, இன்னொருக்கா பார்ப்பமா?" என்று கேட்டுக் கேட்டுக் குத்தினாள். மலர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்துக் கதிரையில் இருந்து பின்னினேன். தையல் பிடிபட்டுவிட்டது! இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. அவள் அப்படிக் கிடக்கும்போது எனக்குச் சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது.

கார்த். 10, திங்.
வெயில். காலுறை இரண்டும் முடிந்தன. குதிக்கால் வைக்கத் தெரியாது, நேர்க் குழாய்தான். தெருவில் திரிகிற மான் ஒன்று வாசல் கேட்டுக்குள் தலையை விட்டு வாழைத்தோல் தின்றது. மலர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, மாட்டிவிட்டேன். குதிக்காலைத் தாண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. தோலில் தடமே இல்லை.

"நல்ல சுகமா இருக்கு."

"நாளைக்கு இதோட போவம்."

"இஞ்சருங்கோ. குளிர் எண்டு சும்மா சொன்னனான். வேற எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்ல. எனக்குக் காணும். நாளைக்கும் வேண்டாம், இனியும் வேண்டாம்."

கத்தினேன். ஊசியை எறிந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கார்த். 11, செவ்.
போகவில்லை. ஆட்டோக்காரர் வந்து நின்றுவிட்டுப் போனார். மகள் போனில் ஒரே அழுகை. டொக்டரைப் போய்க் கண்டேன். "கட்டாயப்படுத்தேலாது ஐயா, அது அவவின்ர முடிவு." எவ்வளவு காலம் என்று கேட்டேன். மாதக் கணக்கில்லை, நாள் கணக்குத்தான் என்றார்.

ஊசி கட்டிலுக்கடியில் கிடந்தது. எடுத்து வைத்தேன்.

கார்த். 14, வெள்.
மழை. கஞ்சி இரண்டு வாய். கணுக்கால் எலும்பு தெரியவில்லை. காலுறை ஏறியது.

கார்த். 16, ஞாயி.
வீக்கம் முழங்கால் வரை. மூச்சு இழுக்கிறது. எனக்குப் பயம்.

காலுறை இன்றைக்கு ஏறாது என்றுதான் நினைத்தேன். இறுக்குது என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், உடனே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். ஆட்டோக்காரருக்கும் சொல்லி வைத்திருந்தேன். விளிம்பை இரண்டு கையாலும் விரித்து மெல்ல மேலே இழுத்தேன்.

"இறுக்குதா?"

"இல்லையப்பா. இன்னும் இடமிருக்கு."